கிழக்குப் பக்கத்து மறைப்பு

சங்கரலிங்கம் மாடி வீடு கட்டப் போகிறான் என்கிற சேதி, அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே தூத்துக்குடி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்தத் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது வேறு யாருமில்லை, அவனுடைய மதினி செல்லக்கனிதான். வத்தல் வாங்க வருகிறவர்களிடம் வத்தலைப் பற்றி ஒரு வார்த்தை, கொழுந்தன் வீட்டைப் பற்றி ஒன்பது வார்த்தை என்று அவள் வியாபாரம் நடந்தது.

அவளுக்கு அந்தப் பெருமை இருந்ததில் நியாயம் உண்டு. பனங்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு துணிப்பையோடு வந்து இறங்கிய சங்கரலிங்கத்துக்குச் சோறு போட்டு, அண்ணன் கடையிலேயே நிறுத்தி, கல்யாணம் முடித்து வைத்தது வரைக்கும் அவள் கை. அண்ணன் சாகும் முன் இடத்தை இரண்டாகப் பிரித்து மேற்குப் பாதியைத் தம்பிக்குக் கொடுத்தபோது, "கூடக் கொஞ்சம் தள்ளி அளங்க, மாட்டுத் தொழுவமா கட்டுதான், வீடுலா கட்டப் போறான்" என்று கயிற்றைத் தன் பக்கமாகத் தள்ளிப் பிடித்தவளும் அவள்தான். பிள்ளை இல்லை. அண்ணன் போன பிறகு கிழக்குப் பாதியிலிருந்த பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருந்துகொண்டு, வத்தலும் அப்பளமும் போட்டு விற்றாள். யாரிடமும் கை ஏந்தவில்லை.

புதுத் துறைமுகம் திறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. சங்கரலிங்கத்தின் கருப்பட்டிக் கடை பலசரக்குக் கடையாகப் பெருத்திருந்தது. சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க அவன் நடந்த நடையில் செருப்புத் தேய்ந்ததென்று தெருவில் கேலி செய்வார்கள். எப்படியோ கீழ்த்தளம் எழும்பி, மேல்தளத்துச் சுவரும் நின்றது. ஜன்னல்களுக்கு இன்னும் கதவு போடவில்லை. கட்டுகிற காலத்தில் அவனும் மனைவி இசக்கித்தாயும் எதிர்ச்சாரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள்.

ஒரு நாள் மதினி தன் முற்றத்தில் வத்தல் பாயை விரித்துவிட்டு, இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"ஏயப்பா! எம்புட்டு உசரம்! என்ன அழகா எழும்புது தம்பி. எங்கண்ணே பட்டுரும் போல இருக்கு."

மனசு நிறைந்து சொன்ன பேச்சு. அந்த வாரமே கிழக்குச் சுவரில் உச்சியிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஒரு வெடிப்பு ஓடியது.

அந்த ஊரில் குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். சுவரை நனைக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? போதிய ஈரம் காட்டாத சுவர் வெடிக்கத்தான் செய்யும். தண்ணீர் வண்டியைப் பாதியாகக் குறைத்தது சங்கரலிங்கமேதான். ஆனால் தன் கைச் சிக்கனத்தைக் குறை சொல்வதைவிட அடுத்தவர் கண்ணைக் குறை சொல்வது யாருக்கும் சுலபம்.

"நான் அப்பமே சொன்னேன்," என்றாள் இசக்கித்தாய். "வாசல்ல பொம்மையைக் கட்டிட்டா ஆச்சா? தாலி இல்லாதவ, ஒரு பிள்ளை பெறாதவ, காலையில எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் அந்த முத்தத்துல உக்காந்து இதையேலா பாத்துக்கிட்டு இருக்கா. அவங்க நல்லவங்கதான், நான் இல்லேங்கல. கண்ணு நல்லது கெட்டது பாக்குமா?"

"மதினியப் போயா சொல்லுத?"

"சுவரு வெடிச்சது பொய்யா?"

சங்கரலிங்கத்துக்கும் உள்ளுக்குள் அதே பயம் இருந்தது, அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான்.

கட்டுகிற வீட்டைச் சாக்கு கட்டி மறைப்பது ஊரில் வழக்கம்தான். தெருவைப் பார்த்த பக்கம் மறைப்பார்கள். போகிற வருகிற கண்ணெல்லாம் அங்கே படும் என்பதற்காக. சங்கரலிங்கம் தெருப் பக்கத்தைத் திறந்து போட்டுவிட்டு, கிழக்குப் பக்கத்தை மட்டும் மறைக்கச் சொன்னான். அதுவும் சாக்கு வேண்டாம், சாக்கில் இழை இழையாக ஓட்டை இருக்கும் என்றான்.

மேஸ்திரி பிச்சையா துறைமுக வேலையில் இருந்துவிட்டு வந்தவன். கப்பலில் வந்த பெரிய இயந்திரங்களைச் சுற்றிப் போர்த்திய ஒரு தாளின் மிச்சம் அவனுக்குத் தெரிந்த இடத்தில் உருளையாகக் கிடந்தது. பால் நிறத்தில், கெட்டியாக, தண்ணீரோ காற்றோ புகாத பாலிதீன் தாள். நெருப்புச் சூடு காட்டினால் சுருங்கிக்கொண்டு போய் இறுகும். அதைக் கொண்டுவந்து, கிழக்குச் சாரத்தின் சவுக்குக் கம்புகளோடு மேலிருந்து கீழ்வரை சுற்றிக் கட்டி, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, புளோ லாம்பைப் பற்றவைத்து அனலை ஓட்டினான். தாள் சுருக்கம் நீங்கி விறைப்பாக நின்றது. தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம் கேட்டது. வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது.

எல்லாம் முடிந்ததும் பிச்சையா இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான்.

"என்னல செய்யப் போற?" என்று கேட்டான் சங்கரலிங்கம்.

"அங்கங்க பிறை மாதிரிக் கீறி விடணும் அண்ணாச்சி. ஆடிக் காத்து வருதுலா. மேக்க இருந்து ஜன்னல் வழியாப் புகுந்து இதுல வந்து முட்டும். போக வழி விடணும். ஹார்பர்ல அப்படித்தான் செஞ்சோம்."

சங்கரலிங்கம் அவனைக் கையைப் பிடித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனான்.

"கீறல் ஒண்ணும் வேண்டாம்."

"காத்து அண்ணாச்சி..."

"கூட நாலு கயிறு போட்டுக் கட்டு. ஏலே, நான் எதுக்கு மறைக்கச் சொல்லுதேன்? கீறி விட்டா அது வழியாப் பார்வை உள்ள வராதா? ஒளிஞ்சு பாக்க கண்ணுதாம்ல ரொம்பக் கெட்டது."

பிச்சையா அவனை ஒரு தரம் பார்த்தான், ஓட்டு வீட்டை ஒரு தரம் பார்த்தான். கத்தியை மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டு கயிறு எடுக்கப் போனான். அந்தப் பார்வையைச் சங்கரலிங்கத்தால் வெகுநேரம் துடைத்துப் போட முடியவில்லை.

அன்று சாயந்தரம் மதினி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி கடைக்கே வந்துவிட்டாள்.

"தம்பி, நம்ம பக்கம் மட்டும் என்னமோ பளபளன்னு கட்டி மறைச்சிருக்கியே, எதுக்குப்பா?"

கடையில் ஆட்கள் நின்றார்கள். சங்கரலிங்கத்தின் வாயில் தானாகவே ஒரு பதில் வந்து விழுந்தது.

"பூச்சு வேலை ஆரம்பிக்காங்க மதினி. சிமெண்டுத் தூசி, மண்ணு எல்லாம் உங்க வத்தல்ல விழும்லா. அதுக்குத்தான்."

அவள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

"என் வத்தலுக்காடே? என் வத்தலுக்காகவா இம்புட்டுப் பெரிய தாளைக் கொண்டாந்து கட்டுனே? பாத்தியளா," என்று கடைக்கு வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "பெத்த பிள்ளை செய்வானா?"

கடையில் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அதில் ஒருத்தர் மிளகாய்ச் சாக்குக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி முகத்தைக் குனிந்துகொண்டார். எதற்காகக் கிழக்குப் பக்கம் மட்டும் மறைத்திருக்கிறது என்பது இசக்கித்தாயின் வாய் வழியாகத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். மதினிக்கு மட்டும் தெரியாது.

அன்றிலிருந்து சங்கரலிங்கத்துக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. மதினி போகிற இடமெல்லாம் அந்தத் தாளின் பெருமையைச் சொன்னாள். கோயில் வாசலில் சொன்னாள், தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். அடுத்த வீட்டு கிருபாபாய் டீச்சரை முற்றத்துக்கே கூட்டிவந்து, "தட்டிப் பாருங்க டீச்சர், ஒரு பொட்டுத் தூசி வராது" என்று காட்டினாள். டீச்சர் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, நல்லா மறைச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டு வந்தார். வாசலில் நின்ற சங்கரலிங்கத்தைக் கடந்து போகும்போது அவர் நடையை எட்டிப் போட்டார். நின்று ஏசியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

வேலைக்காரர்களுக்கு மதினி வீட்டிலிருந்து தினமும் மோர் வந்தது. சாயந்தரமானால் தாளைக் கட்டிய கயிறுகளை அவளே ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பாள், தளர்ந்திருந்தால் முடிச்சுப் போடுவாள். ஒரு நாள் சங்கரலிங்கம் அவள் முற்றத்துக்குப் போனபோது வத்தல் பாயில் பாதி வெண்பூசணம் பூத்திருந்தது. மேற்கேயிருந்து வந்துகொண்டிருந்த காற்றைத் தாள் தடுத்துவிட்டது.

"என்ன மதினி இது, வத்தல் கெட்டுப்போச்சே."

"காத்து கொஞ்சம் கம்மியா இருக்குப்பா. அதனால என்ன? மண்ணு இல்லாமக் காயுதே, அது போதாதா." சொல்லிக்கொண்டே கெட்டதைப் பொறுக்கி எடுத்து, அவன் கண்ணில் படாதபடி முறத்தைத் திருப்பி வைத்தாள்.

அவன் நேரே வீட்டுக்கு வந்து, "அந்தத் தாளை அவுத்துரலாம்" என்றான்.

"பூச்சு முடியட்டும்," என்றாள் இசக்கித்தாய். "மறுபடி வெடிச்சா யாரு பொறுப்பு?"

சரி, பூச்சு முடியட்டும் என்று அவனும் விட்டுவிட்டான். வெட்கமும் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டும் மோதினால் அவனிடத்தில் எப்போதும் பயம்தான் ஜெயித்தது.

ஆடி பிறந்தது. தெருப்புழுதி எழும்பி மார்க்கெட் கூரைகளின் மேல் சிவப்பாகப் படிந்தது. ஒரு மதியம் ஆட்களெல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள். சங்கரலிங்கமும் பிச்சையாவும் மேல்தளத்தில் நின்று, கிழக்கு ஜன்னலுக்கு மேல் பூசியதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மேற்கு ஜன்னல்கள் வழியாகக் காற்று ஊளையிட்டுக்கொண்டு புகுந்தது. கிழக்கு ஜன்னலுக்கு வெளியே, சாரத்துக்கு அப்பால் இருந்த தாள், கப்பல் பாய் மாதிரி மதினி முற்றத்தின் பக்கம் புடைத்தது. சவுக்குக் கம்புகள் நெரிபட்டு முனகின. சுவருக்கும் சாரத்துக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடைவெளி தெரிந்தது.

பிச்சையா கத்தியை உருவி, ஒரு காலைத் தூக்கி ஜன்னல் வழியே சாரப் பலகையில் வைத்தான்.

"அண்ணாச்சி, கீறிருதேன்! நடுவுல ஒரே கீறல், காத்து இறங்கிரும்!"

அந்த நேரத்தில் தாளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதினியின் குரல் கேட்டது. "தம்பி! ஏலே பிச்சையா! தாளு உப்புதுலா! நான் கயித்தப் பிடிச்சிக்கிடுதேன்!"

கீறினால் அவள் நேர் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பாள். புதுப் பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது.

"பொறுல," என்றான் சங்கரலிங்கம். "மதினி உள்ள போவட்டும்."

அவ்வளவுதான் சொன்னான். பிச்சையா கத்தியோடு அப்படியே நின்று அவனைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை முடிவதற்குள் இன்னொரு காற்று வந்தது. பலகை காலடியிலிருந்து நழுவ, பிச்சையா ஜன்னல் கட்டையைப் பிடித்துத் தாவி உள்ளே விழுந்தான். கிழக்குச் சாரம் மொத்தமாகச் சுவரை விட்டுப் பிரிந்து, தாளையும் இழுத்துக்கொண்டு, மதினியின் முற்றத்தில் போய் விழுந்தது.

சங்கரலிங்கம் எப்படிப் படியிறங்கி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. முற்றம் முழுக்கக் கம்பும் கயிறும் தாளும். வத்தல் சிதறிக் கிடந்தது. சுவரோரத்தில் மதினி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, கம்புகள் அவளைத் தாண்டி விழுந்திருந்தன. ஒரே ஒரு கம்பு மட்டும் வலது கையில் இறங்கிவிட்டது. மணிக்கட்டு கோணிப்போய் இருந்தது. கயிற்றைக் கடைசி வரைக்கும் விடாமல் பிடித்திருந்ததில் இரண்டு உள்ளங்கையும் உரிந்து ரத்தம் கசிந்தது.

"சுவருக்கு ஒண்ணும் ஆவலியே தம்பி?" என்றுதான் முதலில் கேட்டாள்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. இசக்கித்தாய் ஓடிவந்தாள், கிருபாபாய் டீச்சர் தண்ணீரோடு வந்தார், கடைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். டீச்சர் ஈரத் துணியைச் சுற்றும்போது மதினிக்கு வலியில் முகம் வெளுத்தது. அந்த வலியெல்லாம் பிச்சையாவின் மேல் திரும்பியது.

"ஏலே, நீயெல்லாம் ஒரு மேஸ்திரியா? இம்புட்டுப் பெரிய தாளைக் கட்டுனியே, காத்துப் போவ ஒரு கீறல் விட்டியால? பாய்மரத்துக்காரன் வீட்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் தம்பி உன்ன நம்பிலா வீட்டை ஒப்படைச்சிருக்கான். ஊருக்குள்ள இனி எவன் உனக்கு வேலை குடுப்பான்?"

கூட்டத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் நின்றார்கள், அடுத்து பிச்சையாவை வேலைக்குக் கூப்பிட இருந்தவர்கள். இரண்டு பேரும் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள். பிச்சையா தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒரே ஒரு தரம் நிமிர்ந்து, "அண்ணாச்சி," என்றான்.

ஒருத்தன் சாப்பாட்டில் மண் விழுந்துகொண்டிருக்கிறது, தான் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்பது சங்கரலிங்கத்துக்குப் புரிந்தது.

"அவனைச் சொல்லாதீய மதினி. கீறணும்னுதான் சொன்னான். நான்தான் வேண்டாம்னேன்."

"நீயா? ஏம்பா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வாய்க்குப் பழகின வழி ஒன்று இருந்தது. "கீறல் வழியாத் தூசி வந்துரும்னு..."

மதினியின் முகம் மலர்ந்தது. ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வலியிலும் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "கேட்டியளா? ஒரு கீறல்கூட விட மாட்டேன்னுருக்கான். எல்லாம் என் வத்தலுக்காக."

யாரோ ஒருத்தர் சிரித்துவிட்டார். அடக்கிப் பார்த்து முடியாமல் மூக்கு வழியாக வெளியே வந்த சிரிப்பு. அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் துண்டால் வாயைப் பொத்தினார்கள். மதினி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கிருபாபாய் டீச்சர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். இசக்கித்தாய் சிதறின வத்தலைப் பொறுக்குகிற சாக்கில் குனிந்துவிட்டாள்.

"எதுக்குச் சிரிக்காங்க தம்பி?"

இனி ஒரு பொய்க்கு இடமில்லை. சங்கரலிங்கம் அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், உரிந்துபோன அந்த உள்ளங்கையைப் பார்த்துச் சொன்னான்.

"தூசிக்கு இல்ல மதினி. சுவரு வெடிச்சதுலா, அதுக்கு. உங்க... உங்க கண்ணு பட்டுரக் கூடாதுன்னு. கீறல் விட்டா அது வழியாப் பார்வை வரும்னு நான்தான் வேண்டாம்னேன். இப்பமும் அவன் கீறப் போனான். நீங்க உள்ள போவட்டும்னு நான்தான் நிறுத்தினேன்."

அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தான். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான். அவள் அவனைப் புரியாமல் பார்த்தாள்.

"அப்பம் வத்தலுக்கு இல்லையா?" என்று கேட்டாள்.

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"நான் ஊரெல்லாம் சொல்லிட்டனேப்பா," என்றாள். குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. "குழாயடியில எல்லாம் சொன்னேனே. கோயில்ல சொன்னேன். டீச்சரைக் கூட்டியாந்து காட்டினேன். எல்லாருக்கும் தெரியுமா? என்னயப் பாத்துச் சிரிச்சிருப்பாங்களே."

அப்புறம் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவமானப்பட வேண்டியவன் அவன். அவனுக்கு உரியதை எடுத்து அவள் போர்த்திக்கொண்டாள். கூட்டத்தில் அதற்கு மேல் ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அவளை டீச்சர்தான் ரிக்‌ஷாவில் கூட்டிப்போனார். சங்கரலிங்கம் பின்னாலேயே சைக்கிளில் போய், வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுவிட்டு வந்தான். உள்ளே போகக் கால் வரவில்லை.

கையில் மாவுக்கட்டோடு அவள் திரும்பி வந்த மறுவாரம், அவள் முற்றத்தில் பனையோலைத் தட்டி ஒன்று எழும்பியது. மேற்குப் பக்கம் மட்டும், ஆள் உயரத்துக்கு மேலே. கட்டிக்கொண்டிருந்தது பிச்சையா. சங்கரலிங்கம் பதறிப்போய் ஓடினான்.

"என்ன மதினி இது? நான்தான் எல்லாத்தையும் அவுத்துப் போட்டுட்டேனே."

"இருக்கட்டும் தம்பி," என்றாள் அவள். கோபமே இல்லை. "உனக்கு எதுக்கு இன்னும் சிரமம்? நான் உக்காருத இடத்துல மறைச்சிட்டா முடிஞ்சுபோச்சு. காத்துப் போவ இடம் விட்டுத்தான் கட்டச் சொல்லியிருக்கேன்."

அதன் பிறகு அவள் மேற்கே பார்த்ததை அவன் காணவில்லை. தெருவில் போகும்போது அவன் வீட்டு வாசல் வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறி, தரையைப் பார்த்து நடந்து, தாண்டியபின் நிமிர்வாள். கொழுந்தன் வீட்டைப் பற்றி யாராவது கேட்டால், "வத்தல் எவ்வளவு போடட்டும்?" என்பாள். கடைக்கு வந்தால் எப்போதும் போல இசக்கித்தாயிடம் பேசினாள், "ஏளா, இளைச்சிட்டியே" என்று கேட்டாள். அதில் ஒரு குறையும் இல்லை. குறை இல்லாததுதான் அவனைப் போட்டு அறுத்தது.

தையில் பால்காய்ச்சினார்கள். சங்கரலிங்கமும் இசக்கித்தாயும் சேர்ந்து போய், வாசலில் நின்று கூப்பிட்டார்கள். இசக்கித்தாய் காலில் விழுந்தாள். மதினி அவளைத் தூக்கிவிட்டாள். "வாரேன்ளா, வராம இருப்பனா" என்றாள்.

சொன்னபடி வந்தாள். விருந்தாளிகளெல்லாம் கிளம்பி வீடு ஓய்ந்த பிறகு, பின்வாசல் வழியாக வந்தாள். இடது கையில் ஒரு சம்படம் நிறைய வத்தல். வலது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. சங்கரலிங்கம் முன்னால் நடந்து ஒவ்வொரு அறையாகக் காட்டினான். இது அடுக்களை மதினி, இது அண்ணன் படம் மாட்டியிருக்க இடம், மேல இன்னும் காத்து நல்லா வரும், வாங்க. அவள் அவன் பின்னாலேயே வந்தாள். மாடிக்கும் ஏறினாள். கிழக்கு ஜன்னலண்டை அவன் நின்றான். வெடிப்பு ஓடிய இடத்தைப் பிச்சையா பூசி மறைத்திருந்தான், தேடினாலும் தெரியாது.

"வீடு எப்படி மதினி இருக்கு?" என்று கேட்டான். "ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவள் தலை குனிந்தே இருந்தது. வாசல்படி ஏறியதிலிருந்து அது நிமிரவே இல்லை என்பதை அவன் அப்போதுதான் கவனித்தான்.

"தரை நல்லா இருக்கு தம்பி," என்றாள். சொன்ன கையோடு, பயந்தவள் மாதிரி, அந்தத் தரையிலிருந்தும் பார்வையை எடுத்துத் தன் கால் விரல்களில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.